"போப் சொல்லிவிட்டார்" என்றால் என்ன பொருள்?

2013 ஜூலை மாதக் கடைசி. ரியோ டி ஜெனிரோவில் உலக இளையோர் நாள் கொண்டாட்டங்களை முடித்துவிட்டு ரோமுக்குத் திரும்பும் விமானம். அன்றைய போப், அதாவது திருத்தந்தை பிரான்சிஸ், தன் இருக்கையிலிருந்து எழுந்து, பின்னால் இருந்த பத்திரிகையாளர்களிடம் வந்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றபடியே பதில் சொன்னார். கேள்விகளில் ஒன்று ஒருபாலீர்ப்பு உள்ளவர்களைப் பற்றியது. அப்படி ஒருவர் நல்ல மனத்தோடு ஆண்டவரைத் தேடுகிறார் என்றால், அவருக்குத் தீர்ப்பு எழுத நான் யார் என்று கேட்டார் பிரான்சிஸ். அவர்களை ஒதுக்கிவைக்கக் கூடாது என்று திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துத் தரும் அதிகாரபூர்வ மறைக்கல்வி நூலே சொல்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மறுநாள் உலகம் முழுக்கச் சுற்றியது "நான் யார்" என்ற துண்டு மட்டும்தான். திருச்சபை மாறிவிட்டது என்று ஒரு கூட்டம் கொண்டாடியது. போப் தடம் புரண்டுவிட்டார் என்று இன்னொரு கூட்டம் தலையில் அடித்துக்கொண்டது. இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் சறுக்கின. அவர் என்ன சொன்னார் என்று பார்த்தார்களே ஒழிய, எந்த இடத்தில் நின்று சொன்னார் என்று யாரும் பார்க்கவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை அரசியலைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் பேசும்போதெல்லாம் இந்தக் குழப்பம் வருகிறது. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு மட்டுமல்ல, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்களுக்கும் வருகிறது. இதைப் பிரித்துப் பார்க்க இறையியல் பட்டம் தேவையில்லை. ஒரு வீட்டையும் ஒரு மருத்துவரையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

தாத்தாவுக்கு மூன்று குரல்

ஒரு பெரிய வீடு. அதில் எல்லோரும் மதிக்கும் தாத்தா ஒருவர். அவர் ஒருநாள் சாட்சிகளை உட்கார வைத்து உயில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அது அந்த வீட்டில் எல்லோரையும் கட்டுப்படுத்தும். இன்னொரு பக்கம், "இந்த வீட்டில் யாரும் குடித்துவிட்டு வந்து படியேறக் கூடாது" என்று முப்பது வருடமாகச் சொல்லிவருகிறார். அதற்குப் பத்திரம் கிடையாது. ஆனாலும் அதை லேசாக எடுத்துக்கொள்கிறவன் அந்த வீட்டுப் பிள்ளையாக நடந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். மூன்றாவது, காலையில் நாளிதழைப் புரட்டிக்கொண்டே, "இந்த ஆட்சி ஆறு மாசம் தாங்காது" என்கிறார். மரியாதையோடு கேட்டுக்கொள்ளலாம். "இல்லை தாத்தா, தாங்கும்" என்று பேரன் சொன்னால் யாரும் அவனைத் துரத்த மாட்டார்கள்.

பேசியது ஒரே வாய்தான், ஆனால் எடை மூன்று விதம். திருத்தந்தையின் பேச்சும் ஏறக்குறைய இப்படித்தான்.

உயிலுக்கு இணையானது வழுவாவரம். விசுவாசத்தையோ ஒழுக்கத்தையோ பற்றிய ஒரு போதனையை, எல்லாக் கத்தோலிக்கர்களின் மேய்ப்பராக நின்று, இது முழுத் திருச்சபையும் ஏற்க வேண்டியது என்று இறுதியாக வரையறுக்கும்போது, அதில் பிழை நேராதபடி கடவுள் காக்கிறார் என்ற நம்பிக்கையே அது. 1870 ஜூலை 18 அன்று, ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய முதலாம் வத்திக்கான் சங்கம் இதை வரையறுத்தது. அதன்பின் இந்த அதிகாரம் ஐயத்துக்கு இடமில்லாமல் பயன்படுத்தப்பட்டது ஒரே முறைதான். 1950 நவம்பர் 1 அன்று, அன்னை மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று 12ஆம் பயஸ் அறிவித்தது அது. ஒன்றரை நூற்றாண்டில் ஒன்று. வரி விதிப்பு, தேர்தல், எல்லைப் பிரச்சினை எதுவும் அந்தப் பக்கமே வந்ததில்லை.

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம் இதைச் சொல்லத் தொடங்கினால், முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அப்போ போப் பாவமே செய்ய மாட்டாரா?" செய்வார். அதனால்தான் அவரும் பாவசங்கீர்த்தனம் செய்கிறார், அதாவது ஒரு குருவிடம் தன் பாவங்களை அறிக்கையிடுகிறார். 2014 மார்ச்சில் புனித பேதுரு பேராலயத்தில், பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார வேண்டிய பிரான்சிஸ், அதற்குமுன் இன்னொரு குருவின் முன்னால் போய் முழங்காலிட்ட படம் நினைவிருக்கலாம். பாவம் செய்யாத வரம் வேறு, வழுவாவரம் வேறு.

வீட்டு விதிக்கு இணையானவை சுற்றுமடல்கள், அதாவது ஒரு முக்கியமான பொருளைப் பற்றித் திருத்தந்தை திருச்சபை முழுமைக்கும், சில சமயம் உலகுக்கும் எழுதும் விரிவான போதனைக் கடிதங்கள். 1968இல் 6ஆம் பவுல் செயற்கைக் கருத்தடையை ஏற்க முடியாது என்று எழுதியதும், 2015இல் பிரான்சிஸ் சுற்றுச்சூழலைப் பற்றி எழுதியதும் இந்த வகை. "எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஒரு கத்தோலிக்கர் இவற்றை ஓரம் தள்ளிவிட முடியாது. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டில் முதலாவதை ஏந்துகிற பலர் இரண்டாவதை ஓரம் தள்ளுகிறார்கள். இரண்டாவதை ஏந்துகிற பலர் முதலாவதை ஓரம் தள்ளுகிறார்கள்.

நாளிதழ்ப் பேச்சுக்கு இணையானவை விமானப் பேட்டிகளும் தொலைக்காட்சி நேர்காணல்களும். மதிப்பு உண்டு, ஆனால் அவற்றால் கோட்பாடு மாறாது. 

நடுவே இன்னும் நுணுக்கமான படிகள் உண்டு. தொடங்குகிறவருக்கு இந்த மூன்று போதும்: உயில், வீட்டு விதி, நாளிதழ்ப் பேச்சு.

டாக்டரும் மாத்திரையும்

எடை தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, சொல்லப்பட்டது கொள்கையா, அதன் நடைமுறையா என்பது.

ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, அதைக் குறைத்தே ஆக வேண்டும். இதில் எந்த மருத்துவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், முதலில் உப்பைக் குறைத்துப் பார்க்கலாமா என்பதில் இரண்டு நல்ல மருத்துவர்கள் வேறுபடலாம். ஒருவர் சொன்ன மாத்திரையை மற்றவர் எழுதவில்லை என்பதற்காக, அவருக்கு நோயாளிமேல் அக்கறையில்லை என்று சொல்ல மாட்டோம்.

திருச்சபையின் சமூகப் போதனை பெரும்பாலும் "அழுத்தம் குறைய வேண்டும்" என்கிற மட்டத்தில் நிற்கிறது. மாத்திரை எழுதும் வேலையை அரசியலில் இருக்கிற பொதுநிலையினரிடம், அதாவது குருவோ துறவியோ அல்லாத சாதாரண விசுவாசிகளிடம், விட்டுவிடுகிறது. மாத்திரையைத் தேர்ந்தெடுக்கும் அந்த வேலைக்கு முன்மதித் தீர்ப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். சூழலை எடைபோட்டு எடுக்கும் முடிவு என்று பொருள்.

தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். 1891 மே 15 அன்று 13ஆம் லியோ "ரேரும் நோவாரும்" என்ற சுற்றுமடலை வெளியிட்டார். ஆலைகள் பெருகி, தொழிலாளர்கள் நசுங்கிக்கொண்டிருந்த காலம். கூலி என்பது இரண்டு பேர் ஒத்துக்கொண்ட தொகை, அதற்குமேல் பேச எதுவுமில்லை என்பது அன்றைய முதலாளிகள் பலரின் வாதம். லியோ அதை ஏற்கவில்லை. வேறு வழியில்லாமலோ இன்னும் மோசமானது வந்துவிடும் என்ற பயத்தாலோ ஒரு தொழிலாளி குறைந்த கூலிக்குத் தலையாட்டினால், அது உடன்பாடு ஆகாது, அவர்மேல் நடந்த வன்முறை என்று எழுதினார். சிக்கனமாக வாழும் ஒரு தொழிலாளியின் பிழைப்புக்குப் போதுமானதாகக் கூலி இருக்க வேண்டும், தொழிலாளர்கள் சங்கம் வைக்கலாம் என்றார். அதே கடிதத்தில் தனிச்சொத்துரிமையைத் தாங்கிப் பிடித்து, சோசலிசத்தை மறுத்தார்.

சரி, குறைந்தபட்சக் கூலி எவ்வளவு? அந்தத் தொகை அதில் இல்லை. ஒரு நாட்டில் அதைச் சட்டம் போட்டு நிர்ணயிப்பதா, தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையில் விடுவதா என்பது மாத்திரைக் கேள்வி. ஆனால் "கூலியில் நீதி என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று ஒரு கத்தோலிக்க முதலாளி சொன்னால், அவர் மாத்திரையோடு சேர்த்து நோயையே மறுக்கிறார்.

இன்றைய சண்டைகளில் இதைப் பளிச்சென்று காட்டுவது புலம்பெயர்வோர் விவகாரம். மறைக்கல்வி நூலில் 2241ஆம் எண்ணைப் புரட்டுங்கள். ஒரே பத்தியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வசதியான நாடுகள், தங்களால் இயன்ற மட்டும், பாதுகாப்பும் பிழைப்பும் தேடி வரும் அந்நியரை வரவேற்கக் கடமைப்பட்டவை. பொது நலனுக்குப் பொறுப்பான அரசு, குடியேறும் உரிமைக்குச் சட்ட நிபந்தனைகள் விதிக்கலாம். வந்தவர்கள் அந்த நாட்டின் மரபை நன்றியோடு மதித்து, சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும். கதவைத் திற என்கிறவர் முதல் வரியை வெட்டி ஒட்டுகிறார். கதவை மூடு என்கிறவர் இரண்டாவதை வெட்டி ஒட்டுகிறார். இருவர் கையிலும் இருப்பது ஒரே பக்கத்தின் துண்டுகள். "இயன்ற மட்டும்" என்றால் எத்தனை பேர்? அந்த எண்ணைத் திருச்சபை சொல்வதில்லை. எண் எதுவானாலும், எல்லையில் நிற்பவரை மனிதராக நடத்தாமல் இருக்க எந்த அரசுக்கும் அனுமதியில்லை.

தராசில் ஏறாதவை

எல்லாமே மாத்திரைக் கேள்வியா என்றால், அதுவும் இல்லை. மருத்துவர்கள் மருந்தில் வேறுபடலாம். விஷத்தை எழுதித்தர எந்த மருத்துவருக்கும் உரிமையில்லை.

சில செயல்கள் எந்த நோக்கத்துக்காகச் செய்தாலும், எந்தச் சூழலில் செய்தாலும் தவறு என்பது கத்தோலிக்க நிலைப்பாடு. குற்றமற்ற ஓர் உயிரைத் திட்டமிட்டுக் கொல்வது அதில் முதன்மையானது. கருக்கலைப்பையும் கருணைக்கொலையையும் திருச்சபை இந்தக் கணக்கில் சேர்க்கிறது. இதை ஏற்காதவர்கள் உலகில் ஏராளம். அவர்களோடு இங்கே வாதாட வரவில்லை. ஆனால் மற்ற விவகாரங்களில் "பல வழி உண்டு" என்கிற திருச்சபை இந்த இடத்தில் மட்டும் ஏன் இறங்கிவருவதில்லை என்று கேட்கிறவர்களுக்குக் காரணம் இதுதான்: அதன் கண்ணில் இது மருந்துத் தேர்வே அல்ல.

இந்தப் பட்டியல் ஒரு பக்க அரசியலுக்கு மட்டும் வசதியானது என்று நினைத்துவிட வேண்டாம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், முழு நகரங்களையும் அவற்றின் மக்களோடு கண்மூடித்தனமாக அழிக்கும் போர்ச் செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று கண்டித்தது. ஹிரோஷிமா நடந்து இருபது வருடம் ஆகியிருந்தது. யார் குண்டு போட்டார்கள், எந்த நல்ல நோக்கத்துக்காகப் போட்டார்கள் என்ற விலக்கு அந்த வாக்கியத்தில் கிடையாது.

ஆக இதுவரை: பேச்சின் எடையைப் பார்க்க வேண்டும், அது கொள்கையா மாத்திரையா என்று பார்க்க வேண்டும், விஷம் என்று ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இடதா, வலதா?

இந்தக் கேள்விக்கு நேர்ப் பதில் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. இடது, வலது என்ற சொற்கள் பிரெஞ்சுப் புரட்சிக்கால அவையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து வந்தவை. திருச்சபையின் சமூகச் சிந்தனை வேறு நான்கு தூண்களில் நிற்கிறது: மனித மாண்பு, பொது நலன், தோழமை, துணைமை.

முதல் மூன்றும் பெயரைக் கேட்டாலே புரியும். ஒவ்வொருவரும் கடவுளின் சாயல் என்பதால் மதிப்புள்ளவர். எல்லோரும் தழைப்பதற்கான சூழலே அரசின் குறிக்கோள். அடுத்தவர் சுமையில் எனக்கும் பங்கு உண்டு. நான்காவதுதான் பலருக்கும் புதிது. சிறிய அமைப்பால் செய்ய முடிந்ததைப் பெரிய அமைப்பு பிடுங்கிக்கொள்ளக் கூடாது, அதனால் முடியாதபோது கைகொடுக்காமலும் இருக்கக் கூடாது என்பது துணைமை. பத்து வயதுப் பிள்ளைக்கு அம்மாவே ஷூ லேஸ் கட்டிவிட்டால் அவன் வளர மாட்டான். அதே பிள்ளை கிணற்றில் விழுந்தால், "நீயே ஏறி வா" என்று மேலே நின்று சொல்லவும் முடியாது. 11ஆம் பயஸ் 1931இல் இதைத் தெளிவாக வகுத்தார். சுற்றிலும் எல்லாவற்றையும் அரசே விழுங்கிக்கொண்டிருந்த காலம். ரோமில் முசோலினி, மாஸ்கோவில் ஸ்டாலின்.

தோழமையை மட்டும் எடுத்தால் இடது மாதிரித் தெரியும், துணைமையை மட்டும் எடுத்தால் வலது மாதிரித் தெரியும். கட்சிகள் அவரவருக்கு வேண்டிய தூணைக் கழற்றிக்கொண்டு போகின்றன. கட்டிடத்தை யாரும் வாங்குவதில்லை.

போதனை மாறுகிறதா?

இது கொஞ்சம் சங்கடமான கேள்வி, மழுப்பாமல் சொல்லிவிடலாம். 1864இல் 9ஆம் பயஸ் கண்டித்த கருத்துகளின் பட்டியலில் சமயச் சுதந்திரம் தொடர்பானவையும் இருந்தன. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், சமயச் சுதந்திரம் மனித மாண்பிலேயே வேரூன்றிய உரிமை என்று அறிவித்தது. மரண தண்டனையை நூற்றாண்டுக் கணக்கில் அனுமதித்த திருச்சபை, 2018இல் மறைக்கல்வி நூலைத் திருத்தி, அது ஏற்கத்தக்கதல்ல என்று எழுதியது.

விதை மரமாவது போன்ற வளர்ச்சி என்று திருச்சபை இதை விளக்குகிறது. மரம் வேறு இனமாகிவிட்டதே என்று கேட்கிற கத்தோலிக்கர்களும் உள்ளேயே இருக்கிறார்கள். எனக்கு வளர்ச்சி வாதம் பெரும்பாலும் பொருந்துவதாகவே படுகிறது. ஆனால் 1864க்கும் 1965க்கும் நடுவே எதுவுமே நடக்காத மாதிரிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

பீடமும் பதவியும்

அரசியலைப் பற்றி இவ்வளவு பேசுகிற திருச்சபை, தன் குருக்களை அரசுப் பதவியில் உட்கார விடுவதில்லை. 1983இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, அரசு அதிகாரத்தில் பங்குபெறும் பதவிகளைக் குருக்கள் ஏற்பதைத் தடுக்கிறது. அதே வருடம் மார்ச்சில் நிகராகுவாவின் மனாகுவா விமான நிலையத்தில் எடுக்கப்பட்ட ஒரு காட்சி மறக்கக்கூடியதல்ல. போப் இரண்டாம் ஜான் பாலை வரவேற்க வரிசையில் நின்ற அமைச்சர்களில் ஒருவர் குரு, கவிஞர் எர்னெஸ்தோ கார்தெனால். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலிட்டு மோதிரத்தை முத்தமிடக் கையை நீட்டுகிறார். இரண்டாம் ஜான் பால் கையை இழுத்துக்கொண்டு, விரலை ஆட்டிக் கண்டிக்கிறார். பின்னர் கார்தெனால் குருத்துவப் பணியிலிருந்து தடைசெய்யப்பட்டார். 2019இல், அவருக்குத் தொண்ணூற்று நான்கு வயதானபோது, பிரான்சிஸ் அந்தத் தடையை நீக்கினார்.

காரணம் எளிது. பீடத்தில் நிற்பவர் ஒரு கட்சியின் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், அதுவே நற்செய்தி என்று கீழே உட்கார்ந்திருப்பவர்கள் நினைத்துவிடுவார்கள்.

வாக்குச்சீட்டின் முன்னால்

கடைசியில் முடிவெடுக்கிறவர் யார்? மனச்சான்று, அதாவது இந்தச் செயல் சரியா தவறா என்று உள்ளிருந்து தீர்மானிக்கும் அறிவு. "எனக்குத் தோன்றுவதைச் செய்வேன்" என்பதற்கு அது மாற்றுப்பெயர் அல்ல. காது கேட்டுப் பழக்கினால்தான் சுருதி பிடிபடும், மனச்சான்றையும் அப்படித்தான் பழக்க வேண்டும்.

வழுவாவரம் அறிவிக்கப்பட்ட நான்காவது வருடம், இங்கிலாந்தின் பிரதமராக இருந்து சற்றுமுன் விலகியிருந்த கிளாட்ஸ்டன், இனிமேல் ஒரு கத்தோலிக்கர் நாட்டுக்கு உண்மையாக இருக்க முடியுமா என்று கேட்டு எழுதினார். 1875இல் அதற்குப் பதில் எழுதியவர் ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குரு ஜான் ஹென்றி நியூமன். விருந்தில் மதுக்கிண்ணத்தை உயர்த்தி ஒருவரை வாழ்த்தும் வழக்கத்தை வைத்து அவர் சொன்னார்: போப்புக்காகவும் கிண்ணத்தை உயர்த்துவேன், ஆனால் முதலில் மனச்சான்றுக்கு, பிறகு போப்புக்கு. இதற்காக யாரும் அவரைத் தள்ளிவைக்கவில்லை. நான்கு வருடத்தில் கர்தினால் ஆனார், 2019இல் புனிதரானார்.

வாக்களிப்பதில் இது எப்படி வேலைசெய்யும்? 2004இல், பின்னாளில் போப் 16ஆம் பெனடிக்டாக ஆன கர்தினால் ராட்சிங்கர், அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய குறிப்பில் ஒரு கோடு போட்டார். ஒரு வேட்பாளர் கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்பதற்காகவே அவருக்கு வாக்களிப்பது தீமையில் பங்கேற்பது. அந்த நிலைப்பாட்டை ஏற்காமல், வேறு காரணங்களுக்காக வாக்களித்தால், அந்தக் காரணங்கள் அதற்கு ஈடான எடை உடையவையாக இருக்கும்போது அது அனுமதிக்கப்படலாம். எவ்வளவு எடை? அந்தத் தராசு வாக்காளர் கையில்தான்.

இருபது வருடம் கழித்து மறுபடியும் ஒரு விமானம். 2024 செப்டம்பர், சிங்கப்பூரிலிருந்து ரோமுக்கு. கமலா ஹாரிஸும் டொனால்ட் டிரம்பும் மோதிய அமெரிக்கத் தேர்தலில் ஒரு கத்தோலிக்கர் யாருக்கு வாக்களிப்பது என்று பிரான்சிஸிடம் கேட்டார்கள். புலம்பெயர்ந்தோரை விரட்டுகிறவர், குழந்தைகளைக் கொல்வதை ஆதரிக்கிறவர், இருவருமே உயிருக்கு எதிரானவர்கள் என்றார். வாக்களிக்க வேண்டும், குறைந்த தீமையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். அந்தப் பெண்மணியா, அந்த மனிதரா, எது குறைந்த தீமை? எனக்குத் தெரியாது, ஒவ்வொருவரும் மனச்சான்றோடு யோசித்து முடிவெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.